தாணுலிங்கம் போட்ட விலாக்கட்டு

"நான் போட்ட கட்டை அறுக்க நீ யாரு?"

அறுத்த துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தாணுலிங்கம் வாசலில் நின்றார். அதிலிருந்து, எலும்பு அசையாமலிருக்க வைத்துக் கட்டிய இரண்டு மூங்கில் பத்தைகள் நழுவிக் கீழே விழுந்தன. குனிந்து எடுக்கவில்லை. அவ்வளவு கோபம்.

பகவதி தைலச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியசாலை அது. அவளுடைய அப்பா இருந்தவரை அவர் ஆசான், தாணுலிங்கம் சீடர். அப்பா கண்ணை மூடியதும் ஊர் பகவதியை ஆசான் என்று கூப்பிட ஆரம்பித்தது. தாணுலிங்கம் மட்டும் கூப்பிடவில்லை. அவளைத் தோளில் தூக்கிச் சுமந்தவர் அவர். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

"கேக்குதேன்லா? தொம்மைக்க பெண்டாட்டி முன்னாலே எனக்க கட்டை அறுத்திருக்கே. நாளைக்கு எவன் என்கிட்டே கையை நீட்டுவான்?"

தொம்மை கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். வள்ளத்தின் விளிம்பில் மோதி விழுந்து, விலா முறிந்து வந்து, உள்ளறையில் கிடக்கிறார். அவர் வந்தது பகவதி வெளியூர் போயிருந்த நேரம். தாணுலிங்கம்தான் பத்தை வைத்து, அக்குள் முதல் தொப்புள் வரை கட்டினார். அவர் கட்டினால் கட்டுதான். ஆனை வந்து இழுத்தாலும் அவிழாது.

"அந்த மனுசனுக்குத் தொண்டை எப்படிப்பட்டது? கூவினா ஊரு பூரா கேக்கும். நான் கட்டின நேரத்திலேருந்து ஒரு முனகல் உண்டா? பூனைக்குட்டி மாதிரி கிடந்தாரு. அதுதான் எனக்க கட்டு!"

"கிடந்தாரு," என்றாள் பகவதி.

"முறிஞ்ச எலும்பு அசையப்படாது. உங்கப்பா சொன்னது."

"விலாவைப் பத்தி என்ன சொன்னாரு?"

இதுவும் ஒரு கேள்வியா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படபடவென்று ஒப்பித்தார்.

"பன்னிரண்டு சோடி. மேலே ஏழு சோடி நடுநெஞ்செலும்பிலே நேராப் போய்ச் சேரும். அடுத்த மூணும் மேலே உள்ளதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். கடைசி ரெண்டும் முன்னாலே எதிலேயும் ஒட்டாது. விலாவுக்கும் விலாவுக்கும் இடையிலே தசை. அடியிலே, நெஞ்சையும் வயித்தையும் பிரிச்சு, கவுத்த சட்டி மாதிரி இன்னொரு தசை. போதுமா?"

"அந்தத் தசைக்கெல்லாம் என்ன சோலி?"

"மூச்சு இழுக்கத்தான். அது விலாவைத் தூக்கும், இது கீழே இறங்கும். என்னைச் சின்னப் பிள்ளைன்னு நெனச்சியா?"

"இல்லை அண்ணே. சட்டையைக் கழத்தும்."

அவர் கையிலிருந்த துணியையே வாங்கினாள். அறுந்த இடத்தை முடிந்தாள். விழுந்த பத்தைகளைப் பொறுக்கினாள். அவர் நெஞ்சைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

தாணுலிங்கம் தடுக்கவில்லை. யோசனை வேறு சொன்னார்.

"இப்படித் தொளதொளன்னு சுத்தாதே. மூச்சை முழுக்க விட்டுட்டு நிக்குதேன், அப்போ இறுக்கு. தொம்மைக்கும் அப்படித்தான் இறுக்கினேன்."

அப்படியே இறுக்கினாள்.

"உம்ம கட்டுதானே?"

அவர் தலையாட்டினார். பெருமையாகத்தான் ஆட்டினார்.

"சரி. இப்போ என்னைத் திட்டும்."

"என்ன?"

"மனசிலே உள்ளதையெல்லாம் சொல்லித் திட்டும். உமக்குக் கோபம் இருக்குல்லா?"

அதற்காகத்தானே வந்தார்.

"உங்கப்பா காலத்திலே எனக்கு இருந்த மரியாதை என்ன, நேத்து முளைச்ச நீ..."

நின்றது. மூச்சை இழுத்தார். ஒரு மிடறுதான் வந்தது.

"நேத்து... முளைச்ச... நீ... எனக்க..."

கண் பிதுங்கியது. கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு பொட்டுக் குறையவில்லை. அதை வெளியே தள்ளக் காற்று இல்லை.

"இருமிப் பாரும்."

முயன்றார். எலி கீச்சிட்ட மாதிரி ஒன்று வந்தது.

அப்போதுதான் பகவதியின் குரல் ஏறியது.

"அவருக்க நெஞ்சு முழுக்கச் சளி. காய்ச்சல் கொதிக்குது. இருமித் துப்ப முடியல்லே. வலிக்குதுன்னு சொல்ல முடியல்லே. நீரு என்னடான்னா பூனைக்குட்டின்னு பெருமை பேசுதீரு! செத்துப் போயிருந்தா இன்னும் அமைதியாக் கிடந்திருப்பாரே!"

கத்தியை எடுத்துக் கட்டை ஒரே இழுப்பில் அறுத்தாள்.

தாணுலிங்கத்தின் நெஞ்சு விரிந்தது. விலா ஒவ்வொன்றாக மேலே ஏறுவதை அவர் கையை வைத்துப் பார்த்தார். பாக்கி வசவெல்லாம் நாக்கு நுனியில் அப்படியே இருந்தது. இப்போது திட்டலாம். திட்டவில்லை.

உள்ளறையில் தொம்மை இருமினார். அடுத்த நொடி கூரை அதிர ஓர் அலறல்.

"எந்த நாசமாப் போனவன்டே என்னைக் கட்டிப் போட்டது? அவன் கை விளங்குமா?"

"மெதுவா, மெதுவா," என்று அவர் மனைவி பிலோமி அழுதாள்.

தாணுலிங்கம் உள்ளே போனார். இருமும்போது வலி தாங்குவதற்காக, பகவதி சொல்லிக்கொடுத்தபடி, முறிந்த பக்கத்தில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்திருந்தாள் பிலோமி. அவளை நகரச் சொல்லி, அந்தத் தலையணையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கட்டினது நான்தான்," என்றார். "இன்னும் சத்தமாத் திட்டும்."