நரைமுடி மலைக்கு வயிறு கலங்கிய கதை

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மலை உச்சியிலிருந்து "கொடகொட, கொடகொட" என்று ஒரு சத்தம். இதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் யாரும் கேட்டிராத சத்தம்.

நரைமுடி மலையடிவாரத்துக் குளக்கரையில் காவலுக்கு இருந்த மூன்று பேரும் கொட்டகைக்குள் எழுந்து உட்கார்ந்தார்கள். தலைவர் பெயர் ஞானாதிக்கம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். பாவம், அந்த வயதில் யாருக்கு என்ன தெரியும்? அடுத்தவர் பெரியநாயகம், கொட்டகைக்குள் குனிந்தே நிற்கிற உயரம். மூன்றாமவர் தொம்மை. தலைவர் வாய் திறக்கும் முன்பே தலையாட்டிவிடுவதால் அவர்தான் துணைத் தலைவர்.

"அண்ணே, மலைக்கு வயிறு கத்துது" என்றார் தொம்மை.

ஞானாதிக்கம் காதைக் குவித்துக் கேட்டார். "இது பசிச் சத்தம் இல்லைடா, கலக்கல் சத்தம். நீங்க வச்ச வாழைப்பழம் அதுக்கு ஒத்துக்கலை."

வாழைப்பழம் மலைக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத் தொடக்கத்தில் டவுன் என்ஜினியர் ஒரு தாளைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். 'உச்சியில் பனி முழங்கால் அளவு வந்தால் தகவல் அனுப்பவும். வானிலையைக் கவனிக்கவும். குளத்துத் தண்ணீர் சிவப்புக் கல்லைத் தொட்டால் கதவைத் திறக்கவும். வடிந்தபின் மூடவும்.' அவ்வளவுதான். இவர்களை நம்பி இவ்வளவு சின்னத் தாளில் எழுதின அவரையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூவரும் பனியை அளக்க உச்சிக்குப் போனார்கள். தொம்மைக்கு முழங்கால் வரை இருந்தது. பெரியநாயகத்துக்குக் கெண்டைக்கால்கூட நனையவில்லை.

"யார் முழங்கால்னு தாள்ல போடலையே" என்றார் பெரியநாயகம்.

"ரெண்டு பேரும் முழங்கால் போடுங்க, சமமாயிரும்" என்றார் தலைவர்.

பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பழகின வேலை, உடனே போட்டார்கள். பனி தொம்மைக்கு இடுப்பைத் தாண்டிவிட்டது.

"முழங்கால் அளவு வந்தாத்தானே தகவல்? இது இடுப்பளவு. அனுப்ப வேண்டியதில்லை" என்றார் தலைவர்.

அதோடு அளக்கும் வேலை முடிந்தது.

வானிலையைக் கவனிப்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. நம் ஊரில் கவனிப்பது என்றால் என்ன என்று ஏதாவது ஓர் ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு சீப்புப் பழமும் வெற்றிலை பாக்கும் உச்சிப் பாறையில் வைத்துக் கவனித்துவிட்டு வந்தார்கள். காக்காய் கொத்திக்கொண்டு போனது. "வாங்கிக்கிச்சு, இனி வேலை நடக்கும்" என்றார் ஞானாதிக்கம்.

வேலை நடந்தது. வெயில் ஏறின பங்குனியில், இடுப்பளவுப் பனியின்மேல் மழை கொட்டியது. பனி கரைந்தது. கரைந்த பனியும் மழையும் சேர்ந்து உருண்டு வருகிற சத்தத்துக்குத்தான் இவர்கள் வைத்தியம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குளக்கரைக்குக் கீழே ஒரே ஒரு வீடு. உள்ளே அமலோற்பவமும் அவளுடைய மூன்று மாதப் பிள்ளையும். புருஷன் லாரியோடு வெளியூரில். கரை உடைந்தால் முதலில் போகிறது அந்த வீடுதான்.

சுக்குக் கஷாயத்துக்கு அடுப்பு மூட்டலாமா என்ற விவாதம் முடிவதற்குள் தண்ணீர் சிவப்புக் கல்லைத் தொட்டது. தாளைப் படித்தார்கள். கதவைத் திறக்கவும். அரிக்கேன் விளக்கோடு போய், குளத்துக்குப் பக்கத்தில் இருந்த கதவைத் தட்டினார்கள்.

"யாரது?"

"அரசாங்கம்" என்றார் ஞானாதிக்கம்.

"அரசாங்கம் மெதுவாத் தட்டட்டும். பிள்ளை இப்பத்தான் கண் அசந்திருக்கு."

"கதவைத் திற தாயி. தண்ணி கல்லைத் தொட்டுருச்சு."

உள்ளே அவள் விருட்டென்று எழுந்தாள். "மதகைத் திறந்தீங்களா?"

"தாள்ல கதவுன்னுதான் இருக்கு. மதகுன்னு இல்லை."

"மதகுக் கதவைத்தான் என்ஜினியர் எழுதியிருக்காரு மாமா!"

"அதுக்கு வாசப்படி இருக்கா? நிலை இருக்கா? அது வெறும் இரும்புத் தகடு. எங்களுக்குக் கதவு தெரியாதா?"

பெரியநாயகம் தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ள ஆரம்பித்தார். கரையில் கசிந்த தண்ணீர் வாசற்படி தாண்டி, தொட்டிலுக்குக் கீழே வந்துவிட்டது. அவள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நிறுத்துங்க மாமா! இந்தக் கதவுக்குச் சாவி இங்க இல்லை. மதகு மேல சக்கரம் இருக்கு பாருங்க, அதுதான் சாவி. அதைச் சுத்தினாத்தான் இது திறக்கும்."

"அவ்வளவு பெரிய சாவியா?"

"வெள்ளத்துக்குத் திறக்கிற கதவு மாமா. சின்னச் சாவி பத்துமா?"

நியாயமாகத்தான் பட்டது. போய்ச் சுற்றினார்கள். மதகு இரைந்துகொண்டு தண்ணீரைக் கால்வாயில் கொட்டியது. திரும்பி வந்து கதவைத் தள்ளிப் பார்த்தார்கள்.

"சுத்தியாச்சு, திறக்கலையே?"

"பத்தலை. இன்னும் சுத்துங்க."

ஏழு தடவை போய் வந்தார்கள். ஏழாவது தடவையில் தண்ணீர் சிவப்புக் கல்லுக்கு ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது.

"வடிஞ்சிருச்சு தாயி. இப்ப உன் கதவை மூடணும். திறக்காத கதவை எப்படி மூடுறது?"

"இது மூடித்தான் இருக்கு, உங்களுக்கு வேலை மிச்சம். திறந்து கிடக்கிறது உங்க கொட்டகைக் கதவு. அதைச் சாத்தி, உள்ளயிருந்து தாழ்ப்பாளைப் போட்டுட்டு நில்லுங்க."

"உள்ளயிருந்துதானே?"

"உள்ளயிருந்துதான். வெளியயிருந்து போட்டுறாதீங்க."

கொட்டகைக்கு வந்தார்கள். அந்தக் கதவை மாட்டினவர்களும் அவர்களே என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. கொட்டும் மழையில் நின்று வெகுநேரம் யோசித்தார்கள்.

"தாழ்ப்பாள் இருக்கிற பக்கம்தான் உள்பக்கம்" என்று தீர்ப்புச் சொன்னார் ஞானாதிக்கம். "அப்ப நாம உள்ளதான் நிக்கிறோம்."

தொம்மை தலையாட்டினார். தலையிலிருந்து தண்ணீர் தெறித்தது. "அண்ணே, உள்ள ரொம்ப ஒழுகுதே?"

"காலையில கூரையைப் பார்க்கலாம். முதல்ல சாத்துங்கடா, வெளிய இருக்கிறவன் எவனாவது உள்ள வந்துறப் போறான்."

மூன்று பேரும், நரைமுடி மலையும், அதன்மேல் மிச்சமிருந்த பனியும், குளமும், மழையும் பத்திரமாக உள்ளே இருக்க, காலிக் கொட்டகையின் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டார் பெரியநாயகம்.