நாடு கடத்தப்பட்ட சொல்

முன்னொரு காலத்தில் ஒரு சொல்லை நாடு கடத்திய அரசன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் மகரகேது. நாட்டின் பெயர் நமக்கு வேண்டாம். அதன் எல்லையில் ஓர் ஆறு ஓடியது, அக்கரை அவனுடைய மாமனாரின் நாடு என்று தெரிந்தால் போதும்.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் நம்மிடையே 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்பார். வீட்டில் இருப்பவர் 'போய் வா' என்று பதில் தர வேண்டும். அதைக் காதில் வாங்கிய பிறகே படி இறங்குவார். சாவு வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடப்பார்கள். மகரகேதுவின் நாட்டிலும் அதுவே வழக்கம்.

அவனுடைய அரசி அல்லியங்கோதை, நோயுற்ற தந்தையைப் பார்க்க ஒருநாள் அக்கரைக்குப் புறப்பட்டாள். கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் படகேறினாள். தந்தைக்கு உடம்பு தேறியது. அவள் திரும்பவில்லை.

அரசன் ஆள் அனுப்பி அழைக்கவில்லை. அழைத்தால் தாழ்ந்து போவோம் என்று நினைத்தான். ஆனால் உணவு வேளையில் தன் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலை போடச் சொல்வான். அது வெறுமையாகவே எடுக்கப்படும். மாலையானால் மேல்மாடத்தில் நின்று, கடைசிப் படகு வந்து கரையில் கட்டப்படும்வரை துறையையே பார்ப்பான். படகிலிருந்து யார் யாரோ இறங்குவார்கள்.

ஏக்கம் முற்றிக் கோபமாயிற்று. கோபம் ஒரு சொல்லின் மேல் பாய்ந்தது. வருகிறேன் என்று சொல்லிப் போகிறவர் வருவார் என்பதற்கு என்ன உறுதி, அது பொய்தானே என்றான். இனி யாரும் 'போய் வருகிறேன்' என்று சொல்லக் கூடாது. 'போகிறேன்' என்ற உண்மையை மட்டுமே சொல்ல வேண்டும். சொன்ன சொல்லின்படியே நடக்கவும் வேண்டும் என்று ஊரெங்கும் பறையறைந்தார்கள்.

ஊர் தலைகீழாயிற்று. சந்தைக்குக் கிளம்பிய வணிகன் 'போகிறேன்' என்றதும் மனைவி கதவை மறித்து நின்றாள். மணமான பெண்கள் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாமல் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட, மருமகளை அழைக்க வந்த சம்பந்திகள் கூடத்தில் காத்துக் கிடந்தார்கள். எல்லைக்குச் செல்ல வேண்டிய வீரர்களின் தாய்மார் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள்.

அந்த அரசவையில் விகடகவியாக இருந்தவர் ஆதிமூலம். அவர் எங்கள் முன்னோர். அரசனின் காலைப் பிடித்துக் காரியம் சாதித்தார் என்று இந்தக் கதையைச் சிலர் மாற்றிச் சொல்வதுண்டு. அவர் யார் காலையும் பிடித்தவரல்ல. நடந்தது நான் சொல்வதுதான்.

ஆதிமூலம் அன்றாடம் அவை கலையும்போது ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போனார். தடை செய்த சொல்லைச் சொல்லவில்லை. சொல்லச் சொன்ன சொல்லையும் சொல்லவில்லை. பிரதானி உக்கிரராயருக்கு அவர்மேல் நெடுநாளாகப் பொறாமை. விகடகவியின் ஆசனத்தைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் சமயம் பார்த்து எழுந்தார்.

"மன்னர் பெருமானே, ஆதிமூலம் தங்கள் அவையை விட்டு எப்படிப் போகிறார் என்று கவனித்தீர்களா? சாவு வீட்டிலிருந்து போவதுபோல் போகிறார்."

 அரசன் முகம் சிவந்து, ஆணைப்படி உரிய சொல்லைச் சொல்லிவிட்டுப் போகுமாறு ஆதிமூலத்துக்குக் கட்டளையிட்டான்.

"சொல்கிறேன் அரசே. சொன்னபடி நடக்க வேண்டும் என்பதும் தங்கள் ஆணைதானே?" என்று ஆதிமூலம் கேட்டார்.

"ஆமாம்."

ஆதிமூலம் நிமிர்ந்து நின்று கைகூப்பினார். "அப்படியானால், போகிறேன்" என்றார். வீட்டுக்குச் சென்று மனைவியை அழைத்துக்கொண்டு அன்றே ஆற்றைக் கடந்துவிட்டார்.

மறுநாள் அவருடைய ஆசனம் காலியாக இருந்தது. உக்கிரராயரின் மைத்துனன் அதில் ஏறி உட்கார்ந்து ஏதோ நகைச்சுவை சொன்னான். சிரித்தவர் உக்கிரராயர் ஒருவர்தான். அரசனுக்கோ உணவு வேளையில் ஒரு வெற்று இலை, அவையில் ஒரு வேற்றாள் என்றாயிற்று. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கரைக்குத் தூதனை அனுப்பினான்.

ஆதிமூலம் தூதனை உட்காரவைத்து மோர் கொடுத்தார். திரும்பி வந்தால் அரசனின் ஆணையை மீறியவன் ஆவேன், போகிறேன் என்று சபையறியச் சொன்னவன் எப்படி வருவது என்று கேட்டு அனுப்பினார். இது அகம்பாவம், பிடித்துக் கட்டி இழுத்துவர வேண்டும் என்று உக்கிரராயர் குதித்தார். அயல் நாட்டு மண்ணில் ஒருவரைக் கட்டினால் அது போரில் முடியும் என்று அரசனுக்குத் தெரியும். இந்த விகடகவிக்கு இவ்வளவு திமிரா, நானே போய்க் கேட்கிறேன் என்று அவனே படகேறினான்.

"என்ன சாமி, இன்னிக்கு நீங்களே கிளம்பிட்டீங்க" என்று படகோட்டி துடுப்பை எடுத்தான். "இந்தத் துறையில ஆள் ஏறுறதே குறைஞ்சு போச்சு. போறேன்னு சொல்லிட்டு யாரு சாமி ஏறுவா?"



அக்கரைப் படித்துறையில் ஆதிமூலம் நின்றுகொண்டிருந்தார்.

"ஆணையை நான் மாற்றிக்கொள்கிறேன். நீராகவே திரும்பி வருவதில் உமக்கு என்ன தடை?" என்றான் அரசன்.

"ஆணை தடுக்கவில்லை அரசே. வழக்கம் தடுக்கிறது. போகிறவன் பாதியைச் சொல்கிறான். இருப்பவர் மீதியைச் சொல்ல வேண்டும். நான் போகிறேன் என்றபோது தாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மீதியைக் கேட்காமல் இறங்கியவனுக்குத் திரும்பி ஏற வாசல் ஏது? இங்கே நின்று அந்தக் கரையைப் பார்க்கலாம். அவ்வளவுதான்."

"அன்றாடம் பார்க்கிறீரா?"

"பார்க்கிறேன். ஆனால் நான் வருவதற்கு முன்பே இந்தப் படியில் ஒருவர் வந்து நின்றுவிடுகிறார். மேல்மாடத்தில் விளக்கு ஏற்றியதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறார்."

அரசன் படியில் உட்கார்ந்தான். பிறகு யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான். அன்று அரசி முதலில் 'போய் வருகிறேன்' என்றுதான் சொன்னாளாம். அவன் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தானாம். யானையை எங்கே நகர்த்துவது என்ற யோசனையில் தலை நிமிரவில்லை. அவள் நின்று பார்த்து இன்னொரு முறையும் சொன்னாள். அப்போதும் பதில் இல்லை. அதன் பிறகுதான் 'போகிறேன்' என்றாளாம்.

"அப்படியானால் அரசி தங்களை விட்டுப் போகவில்லை. விடை கிடைக்காமல் வாசலில் நிற்கிறார். வாசல் கொஞ்சம் தள்ளி, ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது" என்றார் ஆதிமூலம்.

அரசன் மாமனார் வீட்டுக்கு நடந்தான். அல்லியங்கோதை கூடத்துத் தூணருகே நின்றாள். அவன் வந்த செய்தி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. ஆனாலும் வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. அழைக்க வந்தேன் என்று அவனும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொன்னான்.

"போய் வா."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"போயாயிற்று. இனி வர வேண்டியதுதான் பாக்கி" என்றாள். சற்றுப் பொறுத்து, "யானையை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டாள்.

"அந்த ஆட்டத்தில் தோற்றுவிட்டேன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு மாற்றுப் புடவை எடுக்க உள்ளே போனாள்.

திரும்பும் படகில் அரசன் தன் விகடகவிக்கும் விடையின் மீதியைச் சொல்லி அழைத்துக்கொண்டான். நாடு கடத்தப்பட்ட சொல் அன்றே ஊருக்குள் வந்தது. என்ன பரிசு வேண்டும் என்று அரசன் கேட்டான். ஆதிமூலம் பொன் கேட்கவில்லை. அவை கலையும்போது அரசன் எழுந்து நின்று 'போய் வாரும்' என்று சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார். அந்த மரியாதை அவருக்குப் பின் அவர் மகனுக்கும் பேரனுக்கும் நடந்தது. பொன் வாங்கிய குடும்பங்கள் பல உண்டு. இதை வாங்கிய குடும்பம் ஒன்றுதான்.

உக்கிரராயரை அரசன் தண்டிக்கவில்லை. வேலை ஒன்று கொடுத்தான். கோட்டை வாசலில் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் 'போய் வாருங்கள்' என்று சொல்ல வேண்டும். முதல் நாள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். மோர்க்காரி ஒருத்தி பானையைத் தலையிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"காதுல விழலீங்களே ஐயா. விழாம நான் எப்படிப் போறது?"

ராயர் மறுபடியும் சொன்னார். அதுவும் விழவில்லை என்றாள். அவளுக்குப் பின்னால் வண்டிகள் நின்றன, வண்டிகளுக்குப் பின்னால் கழுதைகள் நின்றன. கடைசியில் ராயர் ஊரே கேட்கும்படி, "போய் வாம்மா" என்று கத்தினார்.

மேல்மாடத்தில் அரசியோடு நின்றிருந்த மகரகேது, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.