சாமி குடுத்த ஈரல்

உலகம்மா சந்தனம் அரைச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் அது நடந்துச்சு.

அன்னைக்கு ஆத்தங்கரை மடத்துல குருபூசை. பழைய சாமி அடங்கின நாளு. சுத்துப்பட்டு ஊர்ச்சனமெல்லாம் வரும், வெயில் இறங்கினதும் சமாதிக்கு அபிஷேகம். அதுக்கு ஒரு உருளி நிறைய சந்தனம் வேணும். கடைப்பொடி அங்க ஆகாது. ஒரு வருசம் எவனோ ஒரு பக்தன் பொட்டலம் பொட்டலமா வாங்கியாந்து பூசச் சொல்லி, மறுநாள் பாத்தா சமாதிக் கல்லு முழுக்க எறும்பு. என்னத்தக் கலந்திருந்தானோ. சரி, எறும்பு கிடக்கட்டும்.

உலகம்மா எந்திரிச்சா. தொடையில ஈரம். சேலையில பாத்தா ரத்தம்.

தையல் பிரிஞ்சுபோச்சுன்னுதான் அவளுக்கு மொதல்ல தோணுச்சு. ஈரல மாத்தி வயித்துல குறுக்க தையல் போட்டு நாலஞ்சு மாசந்தான் ஆகுது. சாமி குடுத்த ஈரல நான் கொன்னுட்டேன் போலன்னு நெனைச்சுக்கிட்டு, சுவத்தப் பிடிச்சு நடந்துபோய் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டா.

நர்ஸ் பதறவே இல்ல. எங்கேருந்து வருது, எவ்வளவு வருது, காய்ச்சல் உண்டான்னு ஒவ்வொண்ணா கேட்டுட்டு, இது மாசாமாசம் வார தூரந்தான்னு சொல்லிட்டா. ஈரல் கெட்டுக் கிடந்தப்ப நின்னுபோச்சு, இப்ப உடம்பு தேறவும் திரும்பி வந்திருக்கு, நிறைய பேருக்கு இப்படி வரும், ரொம்பக் கொட்டினா உடனே கிளம்பி வா, இல்லேன்னா அடுத்த தடவ டாக்டர்கிட்ட சொல்லுன்னா. அதோட விட்டாளா? நீ திங்குத மாத்திரைக்கு இப்போ பிள்ளை உண்டாகக் கூடாது, வீட்டுக்காரர்கிட்ட பக்குவமா சொல்லி வைன்னும் சொன்னா. வீட்டுக்காரர் போட்டோவுக்கு மாலை போட்டு எத்தனையோ வருசமாச்சு. உலகம்மா சரி சரின்னு போன வெச்சா.

வெச்சவ அப்படியே உக்காந்துட்டா. தையல் பிரிஞ்சிருந்தாக்கூட அப்படி இடிஞ்சுபோயிருக்க மாட்டா.

காரணம் இருக்கு. மடத்துல சின்னச்சாமின்னு இருக்காரே, அவரு உலகம்மாவோட கூடப் பிறந்த தம்பி. காவி கட்டினவருக்கு அக்கா தங்கச்சி கிடையாது. இவளும் அவரு கால்ல விழுந்து தீட்சை வாங்கின சிஷ்யைதான். எல்லாரையும் கூப்பிடுத மாதிரி இவளையும் அவரு "அம்மா"ம்பாரு. இவ "சாமி"ம்பா. சின்ன வயசுல இவ இடுப்புல இருந்துக்கிட்டு இவ மூக்குத்தியப் பிடிச்சு இழுத்த பய அவரு. இப்ப இவ அவர நிமிந்து பாத்துப் பேச மாட்டா.

புருசன் செத்து மடத்துக்கு வந்த கொஞ்ச நாள்ல உடம்பு மஞ்சளாச்சு, வயிறு வீங்குச்சு, தூரம் நின்னுபோச்சு. முப்பத்தஞ்சு வயசு. மடத்துச் சமையலும் சட்டதிட்டமும் கோமதியாச்சி கையில. தூரமாகுத பொம்பளை சமாதி வாசல மிதிக்கக் கூடாதுன்னு பழைய சாமி போட்ட விதி. ஆச்சி உலகம்மாவோட கன்னத்தப் பிடிச்சு, ஏட்டி, சாமி உன்ன சமாதி உள்வேலைக்கு எடுத்துக்கிட்டாருன்னு சொல்லி, சந்தனக் கல்லத் தூக்கி முன்னால வெச்சா. நோவு முத்த முத்த இவளுக்கு மரியாதையும் கூடுச்சு. சமாதி முன்னால அந்தக் கல்லுகிட்ட உக்காருத நேரம்தான் அவளுக்கு உசுரு.

பெறகு ஈரல மாத்தினாத்தான் பிழைப்பான்னு டாக்டர் சொல்ல, சாமி காவிய மடிச்சு வெச்சுட்டு ஆஸ்பத்திரி அங்கியப் போட்டுக்கிட்டுப் போய், தன் ஈரல்ல பாதிய வெட்டிக் குடுத்துட்டு வந்தாரு. ஊர்ல பேசாத பேச்சில்ல. ஆம்பிளை ஈரல் வெச்சா மீசை முளைக்கும்னு சொல்லி, எதுத்த தெரு பேச்சியம்மா தினமும் வந்து உலகம்மாவோட மேல் உதட்டப் பாத்துட்டுப் போவா. ஆச்சி மட்டும், சந்நியாசி ஈரலுல்லா, இனிமே உனக்குத் தூரங்குற பேச்சே கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னா. உலகம்மாவும் அத நம்பியிருந்தா.

இப்ப அவளே போய் ஆச்சிகிட்ட விசயத்தச் சொன்னா. ஆச்சி உருளியத் தூக்கிட்டுப் போய் அரைச்ச சந்தனத்த அப்படியே தென்னை மரத்து மூட்டுல கொட்டினா. ஆச்சி கெட்டவ இல்ல. கொட்டிட்டு வந்து வெந்நீர் வெச்சுக் குடுத்தா, கிழிசல் இல்லாத பாயா பாத்து எடுத்துக் குடுத்தா. ஆனா பாய் போட்ட இடம் மாட்டுத் தொழுவுக்குப் பக்கத்து அறை. தூரமானவங்க இருக்குத எடம் அதுதான். மாட்டுப் பக்கமே போகாத, தூசி ஆகாது, உனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் தாங்காதுன்னு நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்ன எடமும் அதுதான். உலகம்மா மூக்குக்குத் துணிய மாட்டிக்கிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உக்காந்தா. பசு வைக்கோல உதறிச்சு. இவ இருமினா.

சாமி ஆத்துல குளிச்சு ஈரத்துணியோட வந்து சந்தனம் எங்கேன்னு கேட்டாரு. ஆச்சி தரையப் பாத்துக்கிட்டே சொன்னா. அவரு நேரா தொழுவுக்கு வந்தாரு.

உலகம்மா திரும்பல.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"எனக்குத் தீட்டு. சரி. எனக்குள்ள இருக்குத உங்க ஈரலுக்கும் தீட்டா?"

சாமி தன் வயித்துல தையல் இருந்த எடத்தத் தடவிப் பாத்தாரு. பெறகு வைக்கோல ஒதுக்கிட்டு, அந்த அறை வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.

"ஆச்சி, எனக்கும் இங்கயே ஒரு தட்டு வெச்சிருங்க."

எந்திரிங்க சாமின்னா ஆச்சி. கெஞ்சினா. அவரு அசையல.

"எப்படி எந்திரிக்க? எனக்கும் தூரம்லா."

ஆச்சி காதப் பொத்திக்கிட்டா. ஒரு சந்நியாசி வாயிலேருந்து அப்படி ஒரு வார்த்தைய அவ கேட்டதில்ல. ஊர்ச்சனம் வந்து இறங்குது, மேளக்காரன் வந்துட்டான், இது விளையாடுத நேரமான்னு கேட்டா.

"விளையாடலையே. விதி பழைய சாமி போட்டது. நானா மீறுதேன்?"

"குடுத்தது குடுத்ததுதான சாமி. அது இப்ப அவ ஈரல்."

"மழை வர்றதுக்கு முந்தி இந்தத் தையல் இழுக்குது ஆச்சி. குடுத்தாச்சுன்னு இதுக்கு இன்னும் தெரியல."

உலகம்மா எந்திரிச்சு நின்னா. பூசை நின்ன பாவம் எனக்கு வேண்டாம், நான் பஸ் ஏறி ஊருக்குப் போயிருதேன்னு சொன்னா.

"நீங்க ஏறினா நானும்லா ஏறணும். ரெண்டு டிக்கெட்டா எடுங்க."

அவ திரும்பவும் உக்காந்தா. ரெண்டு கையும் வயித்து மேல இருந்துச்சு.

வெயில் இறங்கிப்போச்சு. முன்வாசல்ல சனம் கூடிருச்சு. மேளக்காரன் அடிச்சுப் பாத்தான், நிப்பாட்டினான், திரும்ப அடிச்சான். எண்ணெய்க் குடத்தோட வந்தவங்க, பால் சொம்போட வந்தவங்க எல்லாம் சாமி எங்க, சாமி எங்கன்னு கேக்குதாங்க. ஆச்சி அடுக்களைக்கும் தொழுவுக்குமா நடந்தா. சமாதிப் பக்கம் பாத்துக் கும்பிட்டா. இத்தனை வருசத்துல அந்தச் சமாதிக்கு விளக்கில்லாத ஒரு பொழுது கிடையாது. இருட்டுது.

கடைசியில வந்து, வாசல்ல உக்காந்திருந்த சாமி முன்னால கை கூப்பி நின்னா.

"அவளும் உள்ள வரட்டும் சாமி. நான் ஒண்ணும் சொல்லல. நீங்க வாங்க."

சாமி நகந்து வழி விட்டாரு. உள்ள சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தவளக் கை காட்டினாரு.

"என்ன எதுக்குக் கூப்பிடுதீங்க ஆச்சி. எங்க அக்காவக் கூப்பிடுங்க. அவ எந்திரிச்சா நான் தானா வந்துருவேன்."