ஏழாம் நம்பர் சட்டை

கல்லூரிக் கபடிப் போட்டி முடிந்ததும், யாரை எடுக்கலாம் என்று எங்கள் தொழில்முறை அணி தன் ரசிகர் மன்றத்திடம் ஒரே ஒரு பெயர் கேட்டது. உடனே ஞானிகள் கூடிவிட்டார்கள். பெரிய ஞானி, தலைவர் கதிரேசன்.

"ஏழாம் நம்பர் தினகரன்தான்! ஆறு மேட்சும் நேர்ல பாத்தேன். புலிப் பாய்ச்சல்!"

தினகரன் தன் மச்சான் மகன் என்பதை அவர் சொல்லவில்லை. மற்ற ஞானிகள் செல்போனில் ஸ்கோர் மட்டும் பார்த்தவர்கள், தலையாட்டினார்கள்.

துவைத்த துணி கொண்டுவந்த லாண்டரிக்காரர் சடையாண்டி, "பதினோராம் நம்பரை எழுதுங்க" என்றார்.

"நீ ஒரு மேட்சாவது பாத்திருக்கியா? நிரூபி. இல்லேன்னா மன்றத்துத் துணி இனிமே வேற கடைக்குப் போகும்" என்றார் தலைவர்.

"பாக்கலைங்க. துவைச்சேன். காலேஜ் டீம் சட்டையும் எங்கிட்டதான் வெளுப்புக்கு வருது. பதினோராம் நம்பர் சட்டையில செம்மண்ணு மூணு தடவை ஊறவச்சும் போகல. ஏழாம் நம்பர் சட்டையில நான் போட்ட இஸ்திரி மடிப்பே கலையல. பெஞ்சுல உக்காந்த சட்டைங்க அது."

கூட்டம் சிரித்தது.

"என் கண்ணால பாத்தேன்யா!" என்று தலைவர் கத்தினார்.

சடையாண்டி மூட்டையிலிருந்து தலைவரின் மன்றச் சட்டையை எடுத்து நீட்டினார். "ஆறு நாள் வெயில்ல மேட்ச் பாத்த சட்டைங்க. துவைக்கப் போட்டப்ப வேர்வை வாடைகூட இல்லையே, தலைவரே?"

அன்றைக்குத்தான் தலைவர் போட்டிருந்த சட்டை கபடிக்காக முதல் தடவை வேர்வையில் நனைந்தது.