நிற்கிற இடத்தில் திறக்கும் கறுப்பு ஜன்னல்

"நான் நிக்கிறது ஓரிடம், இது போய்த் திறக்கிறது வேறிடம். புத்தி கெட்ட மிஷின். இதை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்?"

எப்சிபா இதையேதான் வார்த்தை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே லேப்டாப்பைக் குடைந்துகொண்டிருந்த முபீனா தலை நிமிரவில்லை.

முபீனா அவளுக்கு டீச்சர். வயதில் சின்னவள். கல்லூரி லேபில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டு, சாயங்காலங்களில் பாடமும் சொல்லித் தருகிறவள். மகள் பெனிலாவைப் பைபாஸ் சாலை விபத்தில் பறிகொடுத்த பிறகு எப்சிபா அவளிடம் படிக்கச் சேர்ந்தாள். லேப்டாப் மகளுடையது. அதில் 'எனக்கு மட்டும்' என்று ஒரு ஃபோல்டர். தொட்டால், உங்களுக்கு அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். அதைத் திறக்கத்தான் ஐம்பது தாண்டி இந்தப் படிப்பு.

"கட்டளையை எங்கே அடிச்சீங்க அக்கா?"

"கறுப்பு ஜன்னல்லதான். அட்மினா, முழு அதிகாரத்தோட திறந்தேன். இந்த இடம் முழுக்க இனிமே என்னுதுன்னு அடிச்சேன். நீங்க சொல்லித் தந்ததுதானே?"

"எந்த இடம்னு பார்த்தீங்களா?"

எப்சிபா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அட்மினா திறந்தா அது நேரா கம்ப்யூட்டரோட உள்வீட்டுலதான் போய் நிக்கும். மகளோட ஃபோல்டர்னு நெனச்சு அதோட வயித்தையே உங்க பேருக்கு மாத்திக்கிட்டீங்க."

"மாத்தி என்ன சுகம்? அப்போ இருந்து மிஷின் எந்திரிக்கவே மாட்டேங்குது. பெனிலாவோடது போயிருச்சா, இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கு."

எப்சிபா அடுக்களைக்குப் போய்விட்டாள். டீ போட அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் லேப்டாப் உயிர் பெற்றது. டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"இனிமே இந்த வம்பே வேண்டாம் டீச்சர். நான் எந்த ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்றேனோ, அங்கேயே அந்த ஜன்னல் திறக்கணும். அட்மினாவே திறக்கணும். மெனுவுல அப்படி ஒரு வரி சேர்த்துக் குடுங்க."

"குடுக்கலாம். அப்புறம் வழியில ஒண்ணும் தடுக்காது."

"தடுக்கிறதுக்கு இந்த வீட்டுல யாரு இருக்கா?"

முபீனா எழுந்தாள். கூடத்தைக் கடந்து பெனிலாவின் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் தெரிந்தன. கழற்றியது எப்சிபாதான். வயசுப் பிள்ளைக்குத் தாழ்ப்பாள் என்ன வேண்டிக்கிடக்கு என்று, மகள் காலேஜில் சேர்ந்த வருஷம், ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தானே கழற்றினாள். தட்டிட்டு வாங்கம்மா என்று பெனிலா கெஞ்சும்போதெல்லாம், என் வீட்டுல நான் எதுக்குத் தட்டணும் என்பாள்.

முபீனா விரலை மடக்கி, மெல்லக் கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு நின்றாள்.

"உள்ள யாரும் இல்லையே டீச்சர்."

"தெரியும்."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, எப்சிபா கேட்ட வரியை மெனுவில் சேர்த்தாள்.

"பெனிலான்னு வெளிய ஒரு ஃபோல்டர் இருக்குல்ல, அது மேல ரைட் கிளிக் பண்ணுங்க. நீங்க கேட்டது அதுக்குள்ளதான் இருக்கு."

எப்சிபா செய்தாள். மெனு விரிந்தது. புது வரியைத் தொட்டதும் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்தது. மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா? ஆம். இல்லை.

"இது யாரைக் கேக்குது?"

"உங்களை."

"நான் சரின்னு சொன்னா?"

"திறந்துரும்."

"வேற யாரையும் கேக்காதா?"

"அதுக்கு உங்களை மட்டும்தான் அக்கா தெரியும்."

முபீனா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எப்சிபா வாசல் வரை போகவில்லை.

ஆம் என்பதை அழுத்தினாள். கறுப்பு ஜன்னல் திறந்தது. இந்த முறை இடம் தப்பவில்லை. மகள் பெயருக்குப் பக்கத்திலேயே வெள்ளைக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. அடிக்க வேண்டியது ஒரே ஒரு வரி. அவளுக்கு அது மனப்பாடம்.

விரல்கள் விசைகள் மேல் இருந்தன. ஒரு எழுத்துகூட விழவில்லை.

பிறகு லேப்டாப்பை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். கூடத்தைக் கடந்தாள். கதவுக்கு முன்னால் நின்று, லேப்டாப்பை இடுப்பில் அணைத்துப் பிடித்து, ஒரு கையை விடுவித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தட்டினாள்.

"பெனி, அம்மா உள்ள வரட்டுமா?"