கரடியக்காவுக்கு ஒரு மெத்தை

ஒரு காட்டில் யோகாசனம் செய்கிற கரடி ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள், குழந்தைகளே. அது வேடிக்கைக்காகச் செய்யவில்லை, வயிற்றுக்காகச் செய்தது.

ஒரு சமயம் தேனடை பறிக்கப் போய் மரத்திலிருந்து விழுந்ததில் கரடிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கரடிக்கு முக்கியமான சாப்பாடு கரையான். புற்றின் ஓட்டையோ தரையோடு தரையாக இருக்கும். முட்டி போட்டு, முதுகை வளைத்து, மூக்கை உள்ளே விட்டு உறிஞ்ச வேண்டும். இடுப்பு வளையாத கரடி புற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் நம் கரடி சும்மா நிற்கவில்லை. கொக்கைப் பார்த்து ஒற்றைக் காலில் நிற்கக் கற்றுக்கொண்டது. நாகப்பாம்பைப் பார்த்து நெஞ்சைத் தூக்கவும், காட்டுப்பூனையைப் பார்த்து முதுகை வளைக்கவும் கற்றுக்கொண்டது. தினமும் விடியற்காலையில் ஓடைக்கரைப் பாறையில் இவற்றையெல்லாம் செய்தது. மூன்று மாதத்தில் இடுப்பு வளைந்தது, வயிறும் நிறைந்தது. அன்றிலிருந்து யோகா என்றால் கரடிக்கு உயிர். நாலு நாள் விட்டால் இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்று அதற்குத் தெரியும். அதனால் ஒரு நாளும் விடாது.

அந்தக் காட்டில் மழைக்காலம் முடிந்ததும் பத்து நாள் விடுமுறை. அந்தப் பத்து நாளும் புலிகூட மான் இருக்கும் பக்கம் திரும்பாது. பட்டினி கிடக்குமா என்று கேட்காதீர்கள், முன்னாலேயே நன்றாகத் தின்று வைத்துக்கொள்ளும். கடைசி நாள் பரிசு நாள். யார் யாருக்குப் பரிசு கொடுப்பது என்று இருவாச்சிப் பறவை முதல் நாளே சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடும்.

இதில் ஒரு விதி உண்டு. கிடைத்த பரிசை மறுநாள் காலையிலிருந்து அடுத்த விடுமுறை வரை தினமும் பயன்படுத்த வேண்டும். மூலையில் போட்டுவைத்தால் கொடுத்தவருக்கு அவமானம். ஒரு வருஷம் யானை ஆசை ஆசையாக எருமைக்குக் கழுத்துமணி கொடுத்தது. பாவம் எருமை! ஈ ஓட்டத் தலையை ஆட்டினாலும் மணி அடித்தது. அந்த வருஷம் முழுக்க அதற்குப் பகல் தூக்கம் இல்லை. அதே வருஷம் மான் முயலுக்கு நெல்லிக்காய் கொடுத்தது. முயல் சாயங்காலத்துக்குள் தின்று தீர்த்தது. பரிசு தீர்ந்ததும் விதியும் தீர்ந்தது. முயல் புத்திசாலி என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் முயலுக்குப் பசி.

இந்த முறை கரடியின் பெயர் குரங்குக்கு விழுந்தது.

குரங்கு நல்ல குரங்குதான். ஆனால் எதைச் செய்தாலும் ஊரே வாயைப் பிளக்க வேண்டும் அதற்கு. "கரடியக்காவுக்கு நான் கொடுக்கப் போற பரிசைப் பார்த்து யானைக்கே பொறாமை வரணும்" என்று மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

கரடியின் பக்கத்துப் பொந்தில் முயல் குடியிருந்தது. குரங்கு அதனிடம் போய்க் கேட்டது.

"முயலண்ணா, யோகா பண்றவங்களுக்கு என்ன கொடுத்தா நல்லா இருக்கும்?"

"எனக்கென்னப்பா தெரியும்? ஒரு நாள் விடியக்காலையில வந்து அக்கா என்ன பண்றாங்கன்னு பாரு. இல்லேன்னா அவங்ககிட்டயே கேட்டுடு."

"கேட்டுட்டுக் கொடுத்தா அது பரிசா? கேக்காம கொடுக்கணும், அவங்க அசந்து போகணும்."

"சரி, பார்க்கவாவது வா."

"விடியக்காலையிலயா! அது நான் புரண்டு படுக்கிற நேரம்" என்று குரங்கு தாவிப் போய்விட்டது.

நேராக நரியின் கடைக்குப் போனது. மலையடிவாரக் குகையில் நரி கடை வைத்திருந்தது. விடுமுறை வந்தால் போதும், அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. போன வருஷம் யாரும் வாங்காத சாமான் எல்லாம் இந்த வருஷம் புதுச் சாமான் ஆகிவிடும்.

"கரடியக்காவுக்கா? யோகாவுக்கா?" என்று நரி கண்ணைச் சுழற்றியது. "தம்பி, நீ வருவேன்னு தெரிஞ்சே எடுத்து வச்ச மாதிரி ஒண்ணு இருக்கு."

உள்ளே போய் ஒரு மெத்தையை இழுத்து வந்தது. பனைநாரில் பின்னிய உறை. உள்ளே இலவம்பஞ்சு. முழங்கால் உயரம் இருந்தது. இரண்டு வருஷமாக நரியின் குகையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது அது.

"வெறும் பாறையில யோகா பண்ணா உடம்பு என்னத்துக்கு ஆகும்? இதுல பண்ணா மேகத்து மேல பண்ற மாதிரி இருக்கும்."

குரங்கு அதன்மேல் ஏறி ஒரு குதி குதித்தது. மெத்தை அதைத் தூக்கிப் போட்டது. மறுபடியும் குதித்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது அதற்கு. தனக்கு இவ்வளவு பிடித்த பொருள் கரடிக்கு மட்டும் பிடிக்காமலா போகும்? விடுமுறைக்கென்று சேர்த்து வைத்திருந்த விளாம்பழம் அத்தனையையும் நரியிடம் கொட்டிவிட்டு, மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பியது.

பரிசு நாளில் குரங்கு நினைத்ததுதான் நடந்தது. மெத்தையைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். யானை தும்பிக்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா!" என்றது. கரடி மட்டும் மெத்தையைப் பார்த்தது, பாறையைப் பார்த்தது, குரங்கின் முகத்தைப் பார்த்தது. குரங்கின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி" என்றது கரடி.

தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். கரடிக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் இந்தத் தாட்சண்யம்தான்.

மறுநாள் விடியற்காலையில் பாறைமேல் மெத்தை விரிந்தது. கரடி கொக்குபோல ஒற்றைக் காலைத் தூக்கியது. ஊன்றிய கால் முட்டிவரை பஞ்சில் புதைந்தது. கரடி சாய்ந்து விழுந்தது. பூனைபோல முதுகை வளைக்கப் பார்த்தது. நான்கு காலும் நான்கு பக்கம் போயின. கடைசியில், மல்லாந்து படுத்துக் கண்ணை மூடி மூச்சு விடுகிற ஆசனம் ஒன்றுதான் முடிந்தது. அதுவும் நன்றாகவே முடிந்தது, உச்சிவெயில் முகத்தில் அடிக்கும்வரை கரடி குறட்டை விட்டது.

மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பழையபடி செய்யலாம் என்று அதற்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தினமும் விடியலில் இருவாச்சி மேலே பறந்து எல்லோருடைய பரிசையும் பார்த்துவிட்டுப் போகும். குரங்குக்குத் தெரிந்தால் அதன் முகம் எப்படி வாடும் என்று நினைக்கும்போதே கரடிக்கு மனசு வரவில்லை. எனவே தினமும் மெத்தையில் விழுந்தது, எழுந்தது, தூங்கியது.

ஐந்தாம் நாள் இடுப்பு பிடித்தது. ஏழாம் நாள் குனிய முடியவில்லை.

பத்தாம் நாள் குரங்கு தன் பரிசைக் காட்ட ஒரு கூட்டத்தையே அழைத்து வந்தது. அதற்காக அன்று ஒரு நாள் மட்டும் விடியுமுன் எழுந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் கரடி சிரித்துக்கொண்டே மெத்தைமேல் ஏறி ஒற்றைக் காலைத் தூக்கியது. மறு நொடி குப்புற விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை.

"அக்காவுக்கு இன்னும் மெத்தை பழகலை" என்றது குரங்கு.

அப்போதுதான் முயலுக்குக் கோபம் வந்தது. "பழகலையா? அக்கா சாப்பிட்டு மூணு நாளாச்சுடா! புத்துக்கிட்ட குனிய முடியாம நின்னு நின்னு பார்த்துட்டு வர்றாங்க. குரங்கு கையில பூமாலை கிடைச்சா பூமாலைக்குத்தான் கேடும்பாங்க. குரங்கு பூமாலையைக் கொடுத்தாலும் கேடுதான்னு இப்பதான் பார்க்கிறேன்!"

யாரும் சிரிக்கவில்லை. குரங்குக்கு வெட்கத்தில் உடம்பு குறுகிப் போயிற்று. ஓடிப்போய்க் கரடியின் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தது.

"ஏனக்கா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ அவ்வளவு ஆசையா தலையில சுமந்துட்டு வந்தே. எப்படிச் சொல்றது?"

குரங்கு அண்ணாந்து கூப்பிட்டது. "இருவாச்சி ஐயா! நான் கொடுத்ததை நானே எடுத்துக்கறேன்."

"கொடுத்ததைத் திருப்பி எடுக்கிற பழக்கம் இந்தக் காட்டுல கிடையாது" என்றது இருவாச்சி.

"அப்ப கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிச்சா அவமானம். பயன்படுத்திப் பயன்படுத்தித் தேஞ்சு போனா மட்டும்தான் விதி முடியும். முழங்கால் உயர மெத்தை தேய எத்தனை வருஷம் ஆகுமோ!" என்று சொல்லிவிட்டு இருவாச்சி பறந்துபோயிற்று.

கூட்டம் கலைந்தது. குரங்கு மட்டும் போகவில்லை. அத்திப்பழம் பறித்து வந்து கரடிக்கு ஊட்டியது. பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தது. மெத்தை என்னதான் செய்கிறது என்று பார்க்க அதன் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தது. அடியில் பாறை முழுக்கப் பச்சைப் பசேலென்று பாசி. பத்து நாள் ஈரத்தில் நன்றாகப் படர்ந்திருந்தது. குரங்கு ஒரு காலை வைத்ததும் சறுக்கி விழுந்தது.

"மெத்தையே இல்லேன்னாலும் இதுல யாரும் நிக்க முடியாதே அக்கா! முன்னாடி எப்படி நின்னீங்க?"

"முன்னாடி தினமும் பாசியைத் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஓடைக்கரை இல்லையா, ராத்திரிக்குள்ள மறுபடியும் படிஞ்சிடும். வெறும் கையால தேய்ச்சுத் தேய்ச்சு அதுலயே பாதிப் பொழுது போயிடும்."

"அப்ப பாசி எடுக்கிறதும் யோகாவுல சேர்த்தியா?"

"அதுதானே முதல் வேலை."

குரங்கு மெத்தையைத் தடவிப் பார்த்தது. பனைநார் உறை சொரசொரவென்று இருந்தது. அவ்வளவுதான், குரங்கு துள்ளி எழுந்தது.

"அக்கா, உங்க மெத்தையை நான் தொடலாமா?"

"தொடு."

குரங்கு மெத்தையை ஓடையில் நனைத்தது. முக்கி முனகிக்கொண்டு பாறைமேல் போட்டு இப்படியும் அப்படியும் இழுத்தது. சரக் சரக் என்று பாசி உரிந்து வந்தது. மறுநாள் விடியலில் இருவாச்சி மேலே பறந்தபோது குரங்கு நுரை தள்ள இழுத்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்றே?" என்று இருவாச்சி அதட்டியது.

"அக்காவோட மெத்தையை அக்காவோட யோகாவுக்குப் பயன்படுத்துறேன் ஐயா. பாசி எடுக்காம யோகா ஏது?"

இருவாச்சி கரடியைப் பார்த்தது. கரடி ஆமாம் என்று தலையாட்டியது. இருவாச்சி தன் பெரிய மூக்கைச் சொறிந்துகொண்டது. "பயன்தான். இதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல" என்று போய்விட்டது.

குரங்கு தினமும் விடியுமுன் எழுந்து, கரடிக்கு அத்திப்பழமும் பறித்துக்கொண்டு வந்தது. முதல் இரண்டு நாள் தூக்கக் கலக்கத்தில் ஓடைக்குள்ளேயே விழுந்தது. நான்காம் நாள் மெத்தையில் ஓட்டை விழுந்தது. ஆறாம் நாள் இலவம்பஞ்சு காற்றில் பறந்து காடெல்லாம் போயிற்று. குருவிகள் கூட்டுக்கு எடுத்துக்கொண்டன. ஒன்பதாம் நாள் குரங்கின் கையில் ஒரு பிடி நார்தான் மிச்சம். பத்தாம் நாள் அதுவும் இல்லை.

"தேஞ்சு போச்சு, விதி முடிஞ்சுது" என்று இருவாச்சி அறிவித்தது.

அந்தப் பத்து நாளும் சுத்தமான பாறையில் கரடி கொஞ்சம் கொஞ்சமாக ஆசனம் செய்து வந்தது. முதலில் குரங்கின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு தானே நின்றது. பதினோராம் நாள் புற்றுக்குப் போய் முட்டி போட்டு, முதுகை வளைத்து, மூக்கை உள்ளே விட்டது. வயிறு நிறையும்வரை தலையை வெளியே எடுக்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த குரங்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கரடி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது, "தம்பி, நாளைக்கும் வர்றியா?"

"எதுக்கு அக்கா? மெத்தைதான் தீர்ந்து போச்சே."

"பாசி தீராதே. நீ வந்த நாளெல்லாம் எனக்கு யோகாவுக்கு நிறைய நேரம் கிடைச்சுது. அது மாதிரி ஒரு பரிசு எனக்கு யாரும் கொடுத்ததில்லை."

குரங்கு தலையில் அடித்துக்கொண்டது. "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா அக்கா? என் விளாம்பழமாவது மிஞ்சியிருக்குமே!"

"நீ நரியைக் கேட்டே" என்றது கரடி. "என்னைக் கேக்கவே இல்லையே."

நீதி: பரிசு வாங்கக் கடைக்குப் போகுமுன், பெறப்போகிறவரிடம் ஒருமுறை போ.