வழித்துப் போட்ட சேறு

மகள் பாவாயி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் நாச்சிமுத்துவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அறுபதைத் தாண்டிய மனுஷன், தன்னைவிட இருபது வயது இளைய குகைச்சாமியாரிடம் சீடனாக மலையேறி வந்தார்.

"மக நெனப்பு அடியோட போகோணுமுங்க சாமி. அது போதும்."

சாமியார் அவரைச் சுனையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பாறைக்குழியில் கசிந்து நிற்கும் கொஞ்சத் தண்ணீர்தான். கோடையில் அந்த மலையில் ஆட்டுக்கும் ஆளுக்கும் குருவிக்கும் அதைவிட்டால் வேறு கதியில்லை.

பார்த்துக்கொள் என்றால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானே! நாச்சிமுத்துவுக்குக் கை சும்மா இருக்காது. பாசி, அழுகின தழை, அடியில் கெட்டிச் சேறு, அத்தனையையும் வழித்துச் சரிவில் கொட்டினார். பாறை பளிச்சென்று தெரிந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினார்.

விடிந்து பார்த்தால் சுனையில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

சாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். இருவரும் அடிவாரத்துக்கு இறங்கி, ஆளுக்கொரு குடம் சுமந்து வந்தார்கள். நாச்சிமுத்துவுக்கு மூட்டு விண்விண்ணென்று தெறித்தது. மேலே வந்ததும் சாமியார் ஒரு கூடையை நீட்டினார். சரிவில் காய்ந்து கிடந்த சேற்றை அள்ளி வந்து குழியில் போட்டு, தண்ணீர் தெளித்து மிதித்தார்கள்.

"பாறைதான் தண்ணியப் புடிச்சு வெச்சிருக்குதுன்னு நெனச்சனுங்க."

"பாறை பூராவும் வெடிப்புங்க. சேறு அடைச்சிருந்துச்சு."

"சேறு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"உதுந்த தழை, ஆட்டுப்புழுக்கை, செத்த தவளை. மழை கரைச்ச கல்லு. எது உசுரு, எது மண்ணுன்னு பிரிக்க முடியாம ஒண்ணாக் கெடந்துச்சு."

"இனித் தண்ணி நிக்குமுங்களா?"

"ஊறி வரோணும். நாளாகும்."

"அதுவரைக்கும்?"

"சொமக்கோணும்."

நாச்சிமுத்து சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அலுப்பில் அழுகை வந்தது.

"என்னால ஆகாதுங்க சாமி. ஊருக்கே போறனுங்க. அவ நெனப்பும் போகலை. இருந்த தண்ணியும் போச்சு."

அப்போது ஆட்டுக்காரப் பெண் ஒருத்தி மேலேறி வந்தாள். அவள் தோளில் ஒரு குட்டி தலை தொங்கிக் கிடந்தது. வறண்ட குழியைப் பார்த்தவள் காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டாள்.

நாச்சிமுத்து எழுந்தார். மூட்டுவலி எங்கே போனதோ! தான் சுமந்து வந்த குடத்தில் மிச்சமிருந்ததைச் சாய்த்தார்.

"கைய நீட்டு கண்ணு. மொதல்ல நீ குடி."

அவள் குடித்தாள். பிறகு குட்டிக்கும் புகட்டினார். குடம் காலியாயிற்று. அவள் போனபின்னும் நாச்சிமுத்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாவாயி சாடைங்களா அந்தப் புள்ள?" என்றார் சாமியார்.

"சாடையெல்லாம் இல்லீங்க." காலிக் குடத்தைக் கீழே வைத்தார். "காய்ச்சல்ல கெடந்தப்ப எம் மக தண்ணி கேட்டாளுங்க. சீதளம் புடிச்சுக்கும்னு நாந்தான் குடுக்கலை. அதுக்கப்புறம் நாக்கு வறண்டு யாரு வந்து நின்னாலும் எனக்குப் பொறுக்க மாட்டேங்குது."

சாமியார் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்த நெனப்ப வழிச்சு எங்கீங்க ஐயா கொட்டறதா இருக்கறீங்க?"